ஜெபத்தை நிறுத்தியவள்

“நிறுத்துங்கம்மா” என்று நான் சொன்னபோது கிரேஸ் அம்மா கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, ஜெபத்தின் நட்டநடுவில் இருந்தார்.

என் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தோம். பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படியில் என் வீட்டுக்காரர் டீக்குப் பால் வைத்திருந்தார். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. தெருமுனையில் செங்கம் ரோட்டு பஸ் ஒன்று ஆட்டோவைத் திட்டுவது போல ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

“போதும்மா. ஜெபத்த நிறுத்துங்க.”

கிரேஸ் அம்மாவின் கைகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு முக்காடாக நிமிர்ந்தது. அடுப்படியில் இஞ்சி தட்டுகிற சத்தமும் நின்றுபோனது.

சபைக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்கு இது பெரிய சமாசாரமாகத் தெரியாது. பேசிக்கொண்டிருந்த ஒருவரைப் பேசாதே என்றாள், அவ்வளவுதானே என்பீர்கள். எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். பிரசங்கத்தை நிறுத்தலாம், மைக் தகராறு செய்தாலே நின்றுவிடும். கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கியவர்களே உண்டு. ஆனால் ஜெபத்தை யாரும் நிறுத்த மாட்டார்கள். தலையில் பல்லி விழுந்தாலும், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும், ஆமென் வரும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

நான் திறந்தேன். அன்றைக்கு நான் செய்தது சரி. இந்தத் தொடரில் எத்தனையோ விஷயங்களுக்கு உங்களிடம் சமாதானம் சொல்லியிருக்கிறேன். இதற்குச் சொல்வதாக இல்லை.

வியாழக்கிழமைக் கூட்டம்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடுவது என் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, வியாழக்கிழமைகளில் மட்டும் வேதபாடக் கூட்டம் நடத்துவேன்.

கூட்டம் என்றால் கொட்டு மேளம் எல்லாம் கிடையாது. அக்கம்பக்கத்திலிருந்து சபைப் பெண்கள் வருவார்கள். வேதாகமத்தில் ஒரு பகுதியை ஆளுக்குக் கொஞ்சமாக வாசிப்போம். பிறகு பேசுவோம். பிறகு ஜெபம். பிறகு டீ. என் வீட்டுக்காரர் கூட்டத்தில் உட்கார மாட்டார். ஆனால் டீ அவர் பொறுப்பு. ‘இந்தச் சபைக்கு நான்தான் டீ மூப்பர்’ என்று சொல்லிக்கொள்வார்.

நான் போதிக்கிறவள் இல்லை. கேள்வி கேட்கிறவள். வாசித்ததில் உனக்கு என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை, எது புரியவில்லை, இவ்வளவுதான் என் பாடம். ‘ஆயர் அப்படிச் சொன்னாரே’ என்று யாராவது ஆரம்பித்தால், அவர் சொன்னது இருக்கட்டும், நீ என்ன சொல்கிறாய் என்பேன். ஆரம்பத்தில் எல்லோருக்கும் பயமாக இருந்தது. வேதத்தில் பிடிக்காதது என்று ஒன்று இருக்கலாமா என்று லில்லி டீச்சர் கேட்டார். தமிழ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு மாதத்தில் அவரே நோவாவின் மனைவிக்கு ஏன் பெயர் எழுதவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

அடி அண்ணாமலையிலிருந்து செல்வராணி வருவாள். கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறாள். வியாழக்கிழமையில் பௌர்ணமி விழுந்தால் மட்டும் வர மாட்டாள். ‘ஆண்டவருக்குத் தெரியும்க்கா, அன்னிக்குத்தான் யாவாரம் ஜாஸ்தி’ என்பாள். ஆண்டவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, ஆயருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

கிரேஸ் அம்மாவும் வருவார். அவர் கணவர் சபைக் கமிட்டியின் செயலர். கிரேஸ் அம்மா என்றால் சபையில் ஒரு மதிப்பு உண்டு. யார் வீட்டுச் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவர், சட்டியில் சாம்பார் தூக்கிக்கொண்டு போகிறவர். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது ஒருதலைப்பட்சமாகிவிடும்.

அப்புறம் ரூபி. பிரைவேட் ஸ்கூலில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். கிரேஸ் அம்மாவின் இளைய மருமகள். மருமகளாக இருந்தவள் என்று சொல்வதா, இருக்கிறவள் என்று சொல்வதா என்பதுதான் அப்போது பிரச்சினையே.

அவள் புருஷன் அவளை அடிப்பான். ஒரு மழைக்காலத்தில் மணிக்கட்டை உடைத்துவிட்டான். எங்கள் கூடத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்ரே எடுக்கிற இடம் இருக்கிறது. படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அங்கே சொன்னாள். அவர்கள் குடியிருந்தது தரைத்தளம் என்பது எனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரே சபை, ஒரே ஊர். மாமியாரும் மருமகளும் வாரா வாரம் என் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

ஜெப ரகங்கள்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் ஊர் ஜெபங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஜெபத்தில் பல ரகம் உண்டு. ஆண்டவருக்குச் செய்தி வாசிக்கிறவர்கள் ஒரு ரகம். ‘ஆண்டவரே, நேற்று ராத்திரி போளூர் ரோட்டில் லாரி கவிழ்ந்ததே, அதிலே டிரைவருக்குக் கால் போனதே’ என்று விவரமாகப் போவார்கள். இன்னொரு ரகம் முகவரி சொல்கிறவர்கள். தண்ணீர் டேங்குக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட் போட்ட வீடு, மாடி போர்ஷன் என்று அடையாளம் கொடுத்தால்தான் ஆண்டவர் சரியான நோயாளியிடம் போவார் என்று நம்பிக்கை. செல்வராணி ஜெபம் பண்ணினால் முனிசிபாலிட்டியில் புகார் கொடுப்பது போலவே இருக்கும். லில்லி டீச்சர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

இதையெல்லாம் நான் கேலி செய்தாலும் எனக்கு இவை எல்லாமே பிடிக்கும். பிடிக்காதது ஒன்றே ஒன்று. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வது போல எதிரில் இருக்கிறவருக்குச் சொல்லுகிற ஜெபம்.

அதில் பெயர் வராது. ‘சிலர்’ என்று வரும். ‘ஆண்டவரே, சிலர் ஆலயத்துக்குத் தாமதமாக வருகிறார்களே’ என்றால் தாமதமாக வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பதில் சொல்ல முடியாது. எழுந்து போக முடியாது. கடைசியில் அவரும் சேர்ந்து ஆமென் சொல்லியாக வேண்டும், அதுதான் கொடுமை.

என் அம்மாவுக்கு இது கைவந்த கலை. சாப்பாட்டுக்கு முந்தின ஜெபத்தில்தான் எனக்கு விசாரணை நடக்கும். கணக்குப் பரீட்சையில் நான் வாங்கின மார்க் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதை ஒரு மீன் குழம்பு நாளில் ஜெபத்தின் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். ‘புத்தி இருந்தும் உபயோகப்படுத்தாத பிள்ளைகளைக் கண்நோக்கிப் பாரும்’ என்றார். நான் ஒரே பிள்ளை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அப்பா எங்களைவிடச் சத்தமாக ஆமென் சொல்லிவிட்டுத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

அப்போதே எனக்குக் கோபம் வந்தது. திட்டுவதாக இருந்தால் திட்டிவிட்டுப் போ, ஆண்டவரை ஏன் நடுவில் இழுக்கிறாய் என்று தோன்றியது. ஊசி போடுகிற வேலைக்கு வந்த பிறகு அந்தக் கோபம் இன்னும் கூடிவிட்டது. நான் யாரையும் சொல்லாமல் குத்துவதில்லை. ‘குத்தப் போறேங்க, கொஞ்சம் வலிக்கும்’ என்று சொல்லி, அவர் தலையாட்டின பிறகுதான் குத்துவேன்.

ஆகார் வந்த வாரம்

நாங்கள் ஆதியாகமத்தை முதலிலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தோம். யாரும் திட்டம் போடவில்லை. அந்த வியாழக்கிழமை ஆகார் கதை வந்து நின்றது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆகார் ஓர் அடிமைப்பெண். எஜமானி கொடுமைப்படுத்துகிறாள். தாங்க முடியாமல் வயிற்றுப்பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். அங்கே தூதன் வந்து, நீ திரும்பிப் போய் எஜமானிக்கு அடங்கி இரு என்கிறான்.

வாசித்து முடித்ததும் கிரேஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பாருங்கள், தேவதூதனே திரும்பிப் போ என்றுதானே சொல்கிறான், கஷ்டம் இருந்தாலும் இருக்கிற இடத்தில் இருந்தால்தான் ஆசீர்வாதம் என்று சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை என்று லில்லி டீச்சர் சொன்னார். அந்தத் தூதன் எஜமானி வீட்டுக்கும் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று செல்வராணி கேட்டாள். நான் ரூபியைக் கேட்டேன். அவள் ஒன்றுமில்லை ஆன்ட்டி என்றாள். அதற்குள் நேரமாகிவிட்டது. ஜெபம் பண்ணிவிட்டு மீதியை அடுத்த வாரம் பேசலாம் என்றேன். கிரேஸ் அம்மா, நான் ஜெபிக்கிறேன் என்று கைகளைத் தூக்கிவிட்டார்.

கூட்டம் நடத்துகிறவர்கள் ஜெபத்தில் அரைக்கண் திறந்துதான் இருப்போம். எந்தத் தலைவரைக் கேட்டாலும் இல்லை என்பார், நம்பாதீர்கள். மணி பார்க்க வேண்டும், அழுகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். அப்படித்தான் நான் பார்த்தேன்.

“ஆண்டவரே, ஆகாரைத் திருப்பி அனுப்பின தேவனே” என்று கிரேஸ் அம்மா ஆரம்பித்தார். “இங்கேயும் சிலர் உம்முடைய சித்தத்தை விட்டு ஓடிப்போயிருக்கிறார்களே. அவர்களுடைய கடினமான இருதயத்தை உடையும். அவர்களால் ஒரு குடும்பமே அழுகிறதே, ஆண்டவரே.”

சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமென், ஆமென் என்றார்கள். ரூபி ஆமென் சொன்னாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அவளும் சொன்னாள்.

அந்த ஆமெனைக் கேட்ட பிறகுதான் நான் நிறுத்துங்கள் என்றேன்.

கிரேஸ் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கினு இருக்கேன், ஹெலன்” என்றார்.

“இல்லம்மா. நீங்க ரூபிகிட்ட பேசிக்கினு இருக்கீங்க. அவகிட்ட பேசணும்னா கண்ணத் தொறந்து பேசுங்க. அவ பதில் சொல்லட்டும்.”

அவர் வேதாகமத்தைப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் பின்னாலேயே பாதிப்பேர் போய்விட்டார்கள். தட்டு நிறைய டீ ஆறிக்கிடந்தது.

ரூபி மட்டும் இருந்து டம்ளர்களைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

“ஆன்ட்டி, நான் அவரு வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமனார் காரில் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடாகிவிட்டதாம். ஆயரும் வருகிறாராம். ஏம்மா என்று கேட்டேன். அவன் திருந்திவிட்டான் என்றோ, அவனை மறக்க முடியவில்லை என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

“சபையே இதுக்குத்தான ஜெபிக்குது. அத்தனை பேரும் போகணும்னு கேக்கும்போது நான் ஒருத்தி வேணாம்னா, ஆண்டவரு யாரு பேச்சக் கேப்பாரு?”

“ஆண்டவர் என்ன ஓட்டு எண்றவரா?” என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்று வந்த பயம் அதற்கு முன்னால் வந்ததில்லை. அவன் அடிப்பான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அதைத் தெய்வச் சித்தம் என்று நம்பி அவளாகவே பையை எடுத்துக்கொண்டு போகப் போகிறாள்.

ஆயர் வந்தார்

மறுநாளே விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. லேபுக்கு சுகர் பார்க்க வந்த சபைப் பெரியவர் ஒருவர் என்னிடம் கையை நீட்டத் தயங்கினார். ‘நீதானேம்மா ஜெபத்த நிறுத்தினது’ என்றார். நான்தான் என்று சொல்லிவிட்டு நரம்பைத் தேடினேன்.

ஆயர் நல்ல மனிதர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தார். செயலர் ரொம்ப வருத்தப்படுகிறார் என்றார். கூட்டத்தை இனிமேல் செயலர் வீட்டில் நடத்தலாம் என்று கமிட்டி நினைக்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் இங்கேயே நடக்கப் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டேன். சபை முன்னால் என்றார். எதற்கு என்று கேட்டேன். ஜெபத்தை நிறுத்தினதற்கு.

ரூபியின் கையைச் செயலரின் மகன் உடைத்தபோது சபை முன்னால் யார் மன்னிப்புக் கேட்டார்கள் என்று கேட்டேன். அது குடும்ப விஷயம், இது ஆவிக்குரிய விஷயம் என்றார். ஆகார் கதையை முழுசாக வாசித்திருக்கிறீர்களா ஐயா என்றேன். சிரித்தார். பிற்பாடு இன்னொரு தடவையும் அவள் வனாந்தரத்துக்குப் போகிறாளே, அந்தத் தடவை அவளைத் திரும்பிப் போ என்று யாரும் சொல்லவில்லையே, பிள்ளையை எடுத்துக்கொள், இதோ தண்ணீர் என்றுதானே காட்டப்படுகிறது, அதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசுங்களேன் என்றேன். அதற்கு அவர் டீயைக் குடித்து முடித்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, எனக்கு ஒத்தாசையாக ஒரு வழி சொன்னார்.

“மன்னிப்புன்னு வாயால சொல்லக் கஷ்டமா இருந்தா ஒண்ணு பண்ணுங்க. ஒரு சின்ன ஜெபமா பண்ணிடுங்க. ஆண்டவர்கிட்ட சொல்ற மாதிரி. யாருக்கும் தலைகுனிவு இருக்காது.”

சரிங்க ஐயா என்றேன். உடனே ஒப்புக்கொண்டதில் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆயர் போன பிறகு, ‘இன்னா பண்ணப் போறே’ என்று கேட்டார். ஜெபம் பண்ணப் போகிறேன் என்றேன்.

மைக்

அந்த ஞாயிறு பௌர்ணமி. முந்தின நாளே ரோடெல்லாம் தடுப்பு வைத்துவிட்டார்கள். ஆட்டோ கிடைக்காமல் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்து ஆலயத்துக்குப் போனோம். செயலரின் காரையும் உள்ளே விடவில்லை. ரொம்பத் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்துப் பக்கம் நிறுத்திவிட்டு அவரும் வேர்க்க விறுவிறுக்க நடந்துதான் வந்தார்.

ரூபி பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். காலடியில் பை இருந்தது. செல்வராணியை நான் எதிர்பார்க்கவில்லை. பௌர்ணமி வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவரவர் அனுபவத்தை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் ஆயர், சகோதரி ஹெலன் இப்போது ஜெபிப்பார் என்றார். நான் முன்னால் போய் மைக்கைப் பிடித்தேன். எல்லோரும் தலைகுனிந்து கண்களை மூடிக்கொண்டார்கள். கிரேஸ் அம்மாவும் மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

ஒன்றை மட்டும் முந்தின நாளே தீர்மானித்திருந்தேன். இதில் வேறு யாரும் வரக் கூடாது. சிலர், பலர், ஒரு குடும்பம் எதுவும் கிடையாது. நான் எதை வேண்டாம் என்றேனோ அதையே நான் செய்யக் கூடாது.

“ஆண்டவரே, நான் ஹெலன்” என்றேன். “வியாழக்கிழமை என் வீட்டில் ஜெபத்தை நிறுத்தினது நான்தான். அவசரத்தில் நிறுத்தவில்லை. தெரிந்துதான் நிறுத்தினேன். என்னைச் சபை முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். எனக்குக் கேட்க மனசில்லை. தேவைப்பட்டால் இன்னொரு தடவையும் நிறுத்துவேன். அப்போது எனக்குத் தைரியம் குறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன்.”

நடுவிலேயே ஆயரின் தலை நிமிர்ந்துவிட்டது. செயலர் கண்ணைத் திறந்து, எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். ஆனால் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஜெபத்தை யார் நிறுத்துவது?

நான் முடித்ததும் மொத்தச் சபையும் ஒரே குரலில் ‘ஆமென்’ என்றது.

சொன்ன பிறகுதான் பலருக்கு எதற்குச் சொன்னோம் என்பது உறைத்தது. ஆண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், செல்வராணியாகத்தான் இருக்கும். ஆயர் அவசர அவசரமாகப் பாட்டு நம்பர் சொன்னார். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்தேன். கால்கள் லேசாக இருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

ஆனால் ரூபியைத் திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பை அவள் மடியில் இருந்தது.

ஆலய வாசல்

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். செயலர் என்னைக் கண்டுகொள்ளாமல் நேரே ரூபியிடம் போனார். கார் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது, நடந்துவிடலாம் என்று சொல்லி அவள் பைக்குக் கை நீட்டினார். கிரேஸ் அம்மா அவளை அணைத்துக்கொள்வது போலப் பக்கத்தில் வந்தார். ஆயர் இரண்டு அடி தள்ளி நின்றார். ரோட்டில் மஞ்சள் புடவைகளும் காவி வேட்டிகளுமாக ஜனங்கள் செருப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரூபி பையைக் கொடுக்கவில்லை.

“நான் வரல மாமா” என்றாள்.

செயலருக்குப் புரியவில்லை. ஆயரைப் பார்த்தார். கிரேஸ் அம்மாதான் பேசினார். அவசரப்பட்டு முடிவு எடுக்காதே, உனக்காகச் சபையே ஜெபித்துக்கொண்டிருக்கிறது என்றார்.

ரூபி அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் தன் மாமியாரை நேருக்கு நேர் பார்த்து நான் அதற்கு முன்னால் கண்டதேயில்லை.

“எனக்காக ஜெபம் பண்ணாதீங்க அத்தை. யாரும் பண்ண வேணாம்.”

எங்கள் ஜனத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சாகக் கிடக்கிறவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். கிரேஸ் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ரூபி தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நடக்க ஆரம்பித்தாள். ஆயர் ஒதுங்கி வழிவிட்டார்.

கூட்டத்தில் நெரிபட்டு ரொம்ப தூரம் நடந்த பிறகுதான் அவளிடம் கேட்டேன், எது உன் மனசை மாற்றியது என்று. என் ஜெபம் அவளை உலுக்கிவிட்டது என்று சொல்வாள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை, பொய் சொல்வானேன்.

“நீங்க சொன்னதுகூடப் பாதி காதுல விழல ஆன்ட்டி” என்றாள். “கடைசியில ஆமென்னு சொன்னாங்களே, அதான். நீங்க மன்னிப்பு கேக்க மாட்டேன்னு சொன்னீங்க, அதுக்கும் எல்லாரும் ஆமென்னாங்க. மாமா, அத்தைகூடச் சொன்னாங்க. அப்ப எனக்காகச் சொன்ன ஆமென்னும் அப்படித்தான? அத நம்பி நான் பைய கட்டிக்கினு கெளம்பிட்டேன்.”

செல்வராணி நடந்துகொண்டே பையை அவளிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

மறுபடி வியாழன்

கூட்டம் செயலர் வீட்டுக்கு மாற்றப்பட்டதாக ஆலயத்தில் அறிவித்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே நடக்கிறது, நன்றாக நடக்கிறதாம். என் பெயரை வீட்டுக் கூட்டத் தலைவர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயரைத்தானே எடுத்தார்கள், நாற்காலிகள் என்னுடையவை. வியாழக்கிழமை அவற்றை வட்டமாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

லில்லி டீச்சர் வந்தார். செல்வராணி வந்தாள். வழக்கமாக வருகிறவர்களில் பாதிக்கும் கம்மிதான். ரூபி கடைசியாக வந்து, எப்போதும் உட்காருகிற ஓரத்து நாற்காலியை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

ஆகாரின் இரண்டாவது கதையை வாசித்தோம். இரண்டு கதைகளிலும் ஆகாரின் பிள்ளைக்கு அப்பாவான அந்த எஜமானுக்குத்தான் வாயே இல்லை என்று ஆரம்பித்து, டீ வரும் வரைக்கும் லில்லி டீச்சர் விடவில்லை. பிறகு ஜெபம். இனிமேல் இந்த வீட்டில் ஒரே ஒரு ஒழுங்குதான் என்றேன். அவரவர் அவரவருக்காக ஜெபியுங்கள். அடுத்தவருக்காக ஜெபிக்க வேண்டுமென்றால் அவரைக் கேட்டுவிட்டு ஜெபியுங்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாலும் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

யாருக்கு என்ன ஜெபம் வேண்டும் என்று கேட்டேன். லில்லி டீச்சர் முழங்கால் வலி என்றார். செல்வராணி மறுபடி முனிசிபாலிட்டியைப் பற்றி ஆரம்பித்தாள். ரூபி இத்தனை மாதத்தில் ஒரு தடவையும் எதுவும் கேட்டதில்லை. அவளைத் தாண்டிப் போகப் பார்த்தேன்.

“எனக்கு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி” என்றாள். “வண்டி லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கேன். நாளைக்கு டெஸ்ட். எட்டு போடணும். வளையுற எடத்துல எனக்குக் கால் கீழ போயிடுது. கால் ஊனாம போடணும். அதுக்கு ஜெபம் பண்ணுங்க.”

யார் பண்ணட்டும் என்று கேட்டேன். அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நானே பண்றேன், நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

பண்ணினாள். அவள் என்ன கேட்கிறாள் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, நாங்கள் ஆமென் சொன்னோம்.